மூணாந்தரம்

கத்தி வைக்கப் பதினேழு நாள் இருக்கிறது.
அதுவரை சும்மா இருக்காதே,
உடம்பைத் தேற்று என்று
ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள்.
உள்ளே மூன்று உருண்டை.
குழாயைக் கவ்வி மூச்சை இழுத்தால்
எழும்ப வேண்டும்.
முதல் நாள் ஒன்றுதான் எழும்பியது,
அதுவும் சோம்பேறி மாப்பிள்ளை மாதிரி.

தீமிதிக்குக் காப்பு கட்டினால்
வாயைக் கட்டுவோம், வயிற்றைக் கட்டுவோம்.
இங்கே தலைகீழ்.
தின்னு என்கிறார்கள்.
காலையில் ரெண்டு முட்டை,
கேழ்வரகுக் கஞ்சியில் பால்,
இறங்காவிட்டால் வடிகட்டிக் குடி.
இருபத்தாறு வருசம் மீனை ஏலம் விட்டவள்
இப்போது மீனைத் தின்கிறேன்,
முள் எடுத்து, மசித்து,
எனக்கு நானே ஊட்டிக்கொண்டு.

ஆடிய பல்லை அவர்கள் பிடுங்கினார்கள்.
வெற்றிலையை நானே விட்டேன்.
அதற்கு மட்டும் அழுதேன்.

சாயங்காலம் சில்வர் பீச்சில் நடக்கச் சொன்னார்கள்.
வேலையில்லாமல் நடந்து பழக்கமில்லை.
"அஞ்சலாட்சி, என்னத்தத் தேடுற?"
"மோதிரம் விழுந்துடுச்சு."
கேட்டவளும் கொஞ்ச தூரம்
மணலைப் பார்த்துக் குனிந்தபடியே வந்தாள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
பெர்னதெத் மேடம் ஒருவரைக் காட்டினார்.
பரங்கிப்பேட்டை தாவூது.
போன வருசம் அறுத்துக்கொண்டவர்.
கழுத்துக் கைக்குட்டையை விலக்கினார்.
எட்டணா அகலத்துக்கு ஓட்டை.
அதை விரலால் பொத்திக்கொண்டு
"டீ சாப்பிட்டியாம்மா?" என்றார்.
நனைந்த ரேடியோவின் குரல்.
எத்தனை ராத்திரி
என்னைத் தூங்கவிடாமல் செய்த ஓட்டை,
டீ சாப்பிட்டாயா என்று கேட்கிறது.
அழுவேன் என்று நினைத்து
மேடம் பையைத் திறந்து எதையோ தேடினார்.
நான் கேட்டது:
"குளிக்கும்போது தண்ணி உள்ள போகாதா?"
தாவூது சிரித்தார்,
சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

பிறகு, போனில் குரலைப் பதிந்து வை என்று
ஒரு தாள் தந்தார்கள்.
தண்ணீர் வேண்டும்.
வலிக்கிறது.
தயவுசெய்து விளக்கை அணைக்கவும்.
யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?
"கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?"
இதைப் பதிந்தேன்.
புருசனை அன்பாக ஒரு தடவை கூப்பிட்டுப் பதிந்தேன்.
அடுப்படியிலிருந்து பயந்து ஓடிவந்தார்.
தங்கச்சி பொற்கொடிக்கு,
ஒன்பது வருசம் கழித்து, இப்போதுதான் ஐந்து மாசம்.
உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ,
பேர் இல்லாததை எப்படிக் கூப்பிடுவது?
"ஏய், இங்க வா" என்று மட்டும் பதிந்தேன்.
நாலு தடவை.
ஒன்று கோபமாய்.
வளர்ந்தால் அதுவும் தேவைப்படும்.

ராத்திரி மூன்று மணிக்கு
தாளில் இல்லாதது எல்லாம் வரும்.
அப்போது டப்பாவை எடுப்பேன்.
இருட்டில் உருண்டை தெரியாது,
மேலே மோதும் சத்தம் கேட்கும்.
டக். டக்.
பதினைந்தாம் ராத்திரி மூன்றாவதும் மோதியது.
புருசன் புரண்டு படுத்தார்.
தூங்குவதுபோல் நடிக்க
அவருக்கு இன்னும் பயிற்சி போதாது.

பதினாறாம் நாள் விடியுமுன்
போனை மடியில் செருகிக்கொண்டு
துறைமுகத்துக்குப் போனேன்.
ஒரு கூடை சங்கரா.
கூட்டம் ஒதுங்கி இடம் விட்டது.
யாருக்கும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
ஆயிரம், ஆயிரத்து அம்பது, ஆயிரத்து நூறு,
யாருப்பா அது, மீனைப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத,
ஆயிரத்து எரநூறு.
தொண்டை மணல் அள்ளியது.
அள்ளட்டும் என்று விட்டேன்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

மூணாந்தரத்தை நான் என்றைக்கும்
வாயால் சொன்னதில்லை.
கூடை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன்.
அலைச் சத்தம், காக்கா, ஐஸ் உடைக்கிற சத்தம்,
எல்லாவற்றுக்கும் மேலே
தட்டு தெளிவாய் விழுந்திருக்கிறது.
இன்னும் ஒரு அம்பது ஏறியிருக்கும்.
அவசரப்பட்டுத் தட்டிவிட்டேன்.